ஐந்து பலகைகளின் மேல் ஒரு முக்கோணம்

பலகைகள் ஐந்தும் நவம்பரிலிருந்து கராஜில் தச்சு மேடையிலேயே கிடந்தன. யோலானா அவற்றை அருகருகே அடுக்கி, ஐந்துக்கும் குறுக்கே பென்சிலால் ஒரு பெரிய முக்கோணம் போட்டிருந்தாள். மறுநாள் காலை குளியலறையில் விழுந்தாள். தலைக்குள் ஒரு ரத்தக்குழாய். மாலைக்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

நான் கராஜைப் பூட்டினேன். ஏப்ரலில் வெண்டுலா திறக்கச் சொன்னாள்.

வெண்டுலா என் மனைவி யோலானாவின் தங்கை. ஜூனில் அவளுக்குக் கல்யாணம். அந்த மேசை அவளுக்கு யோலானா தருவதாகச் சொன்ன பரிசு. மரம் அவர்கள் வீட்டு முற்றத்தில் நின்ற யாசன், அதாவது ஆஷ். பூஞ்சை பிடித்து உச்சி காய்ந்ததும் அவர்கள் அப்பா ஒத்தகர் அதை வெட்டினார். அறுத்த பலகைகள் பரணில் சில வருடங்கள் உலர்ந்தன. மேசையின் கால்களை யோலானா முன்பே செய்து, சட்டத்தோடு பூட்டி, மூலையில் நிறுத்தியிருந்தாள். மேல்பலகை மட்டும்தான் பாக்கி.

எங்கள் கராஜ் குடியிருப்புக்குப் பின்னால் குன்றின் மேல், ஒரே மாதிரியான தகரக் கதவுகளின் வரிசையில் இருக்கிறது. அதில் கார் நின்றதே இல்லை. கார் மழையில் நிற்கும். உள்ளே அவளுடைய இழைப்பு மெஷினும், பழைய சலவை மெஷினின் மோட்டாரைப் பொருத்தி அவளே செய்த ரம்ப மேசையும் இருந்தன. நான் அங்கே நாற்காலியில் உட்கார்ந்து அலுவலக வேலை பார்ப்பேன். கதவைத் திறந்து வைத்தால் கீழே ஆறு தெரியும்.

வெண்டுலா கோட்டைக் கழற்றாமல் மேடையைச் சுற்றி வந்தாள்.

"இதோ பாரு இவோ, முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லிடு. கடையில வாங்கிக்கறேன். நான் ஒண்ணும் அழமாட்டேன்."

"செய்றேன்."

"உனக்குச் செய்யத் தெரியுமா?"

"அவ செய்யறதப் பாத்திருக்கேன்."

"பல் டாக்டர் செய்யறத நானும்தான் பாத்திருக்கேன்."

ஒத்தகரும் வந்திருந்தார். கையில் காலிச் சாக்கு. ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். இப்போது முயல் வளர்க்கிறார். இழைப்பு மெஷினிலிருந்து விழும் சீவலை யோலானா அவருக்காகச் சேர்த்து வைப்பாள். முயல் கூண்டில் அதைத்தான் பரப்புவார். சாக்கை நிரப்ப எதுவும் இல்லாதபோதும் சாக்கோடுதான் வந்தார். ஒருவேளை வேறு எப்படி வருவதென்று தெரியவில்லையோ என்னவோ.

அவர் குனிந்து பென்சில் கோட்டை விரலால் தொடப்போனார். தொடவில்லை.

"இது அவ போட்டதா?"

"ஆமா."

"என்னது இது?"

"வரிசை மறக்காம இருக்கறதுக்கு. பலகைங்க கலைஞ்சு போனாலும், கோடு சேர்ற மாதிரி வெச்சா பழைய வரிசை வந்துடும்."

"இத அழிச்சிடாதேடா."

"அப்பா," என்றாள் வெண்டுலா, "பென்சில் கோட்டு மேல தட்டு வெச்சா சாப்பிடறது?"

"ஏன், உன் ஆளு வெக்கிற சூப்பக் காலம்பூரா சாப்பிடப் போறே. பென்சில்தான் கசக்குதா உனக்கு?"

"அவர் சூப்புல என்ன குறை?"

"அதுல சூப்புதான் குறை."

நான் ஒரு நீளமான ஸ்கேலை எடுத்து நடுப்பலகையின் குறுக்கே நிறுத்தினேன். குளிர்காலம் முழுவதும் சூடில்லாத கராஜில் கிடந்ததில் பலகை வளைந்திருந்தது. ஸ்கேலுக்கு அடியில் வெளிச்சம் தெரிந்தது.

"இப்படியே ஒட்ட முடியாது," என்றேன். "ரெண்டு பக்கமும் இழைக்கணும். இழைச்சா கோடு போயிடும்."

ஒத்தகர் வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "போகாம பண்ண முடியாதா, இஞ்சினியரே?"

நான் பிர்னோ நகரில் புள்ளியியல் படித்தவன். அந்தப் பட்டத்துக்கும் இஞ்சினியர் என்றுதான் பெயர். திருகாணி முடுக்கத் தெரியாதவனை அப்படிக் கூப்பிடுவதில் அவருக்கு ஒரு சந்தோஷம்.

"பாக்கறேன்," என்றேன்.

அவர் அதை வாக்காக எடுத்துக்கொண்டார். போகும்போது என் தோளைத் தட்டினார்.

*

மெஷினில் கத்திகள் இல்லை. யோலானா கடைசியாகச் செய்த காரியங்களில் ஒன்று அவற்றைக் கழற்றிச் சாணைக்குக் கொடுத்தது. சாணைக்காரர் டிசம்பரில் போன் செய்திருந்தார். இப்போதுதான் போய் வாங்கி வந்தேன். எண்ணெய்த்தாளில் சுற்றிக் கொடுத்தார். ஒன்றும் கேட்கவில்லை.

உருளையில் மூன்று கத்திகள் உட்கார வேண்டும். மூன்றும் ஒரே உயரம். ஒன்று தலைமுடியளவு தூக்கி நின்றாலும் அது மட்டும்தான் வெட்டும். மற்ற இரண்டும் சும்மா சுற்றும். பலகையில் அலை அலையாக விழும். அவள் இதற்கு எந்தக் கருவியும் வைத்துக்கொள்ளவில்லை. ஒரு நேரான மரக்குச்சியை மெஷினின் மேசை மேல் நீட்டி வைப்பாள். மோட்டாரின் கம்பியைப் பிடுங்கிவிட்டு உருளையைக் கையால் சுற்றுவாள். கத்தி குச்சியை மெல்லக் கவ்வி முன்னால் கொஞ்சம் நகர்த்திவிட்டுப் போகும். ஒவ்வொரு கத்தியும் குச்சியை அதே தூரம்தான் நகர்த்த வேண்டும். நகர்த்தாவிட்டால் போல்ட்டைத் தளர்த்தி மறுபடி.

குச்சி ஆணியில் தொங்கியது. அதில் அவள் கீறிய இரண்டு கோடுகள். அந்த இரண்டுக்கும் நடுவே உள்ள தூரம்தான் கணக்கு.

சனிக்கிழமை முழுவதும் அதைச் செய்தேன். ஒரு பக்கம் சரியானால் மறு பக்கம் தவறும். போல்ட்டை இறுக்கும்போதே கத்தி ஏறிவிடும். கோபம் வர வேண்டிய வேலை. வரவில்லை. கை வேலை செய்தது, நான் பக்கத்தில் நின்றேன். அந்த மாதங்களில் எல்லாமே அப்படித்தான் நடந்தன. பல் துலக்குவதும்.

மாலையில் கம்பியைச் செருகி மோட்டாரை ஓட்டினேன். பக்கத்துக் கராஜ் பிரோனிஸ்லாவ் வாசலில் வந்து நின்றார். வருடக்கணக்காக ஒரே மோட்டார் சைக்கிளைக் கழற்றி மாட்டிக்கொண்டிருப்பவர். கையில் ஸ்பேனர், அதை ஏன் பிடித்திருக்கிறோம் என்று தெரியாதவர்போல.

"மன்னிச்சுக்க. சத்தம் கேட்டுச்சா... ஒரு நிமிஷம்..."

"நான்தான்."

"அது தெரியுது. அவ ஓட்டினா இப்படி இருமாது. பெல்ட்டு தொளதொளன்னு இருக்கு பாரு."

பெல்ட்டை இறுக்கினோம். இருமல் நின்றது. ஒரு பைன் துண்டை உள்ளே விட்டேன். மறுபக்கம் வழவழவென்று வந்தது. பிரோனிஸ்லாவ் அதைக் கன்னத்தில் தேய்த்துப் பார்த்தார்.

"இன்னிக்கு நான் ஷேவ் பண்ணல. அதனால சரியாச் சொல்ல முடியல."

"பரவாயில்ல."

"வெரல எண்ணி வெச்சுக்க இஞ்சினியரே. போறப்ப மறுபடி எண்ணு. எண்ணறதுதானே உன் வேலை?"

பிளம் சாராயம் ஊற்றினார். குடித்தேன். சூடு மட்டும் தெரிந்தது.

*

அடிப்பக்கங்களை முதலில் இழைத்தேன். யாசன் கடினமான மரம். மெஷின் அடித்தொண்டையில் முனகியது. ஐந்தும் நன்றாகவே வந்தன. மறுபடி மேடையில் அடுக்கி வைத்தேன், முக்கோணம் மேலே தெரிய.

பிறகு அங்கேயே நின்றுவிட்டது. அலுவலகம் விட்டு வருவேன். நாற்காலியில் உட்காருவேன். முக்கோணத்தைப் பார்ப்பேன். கீழே போவேன். பார்த்தால் ஏதாவது தோன்றும் என்று நினைத்தேன். அது பென்சில் கோடாகவே இருந்தது. அடிக்கோடு ஐந்து பலகைகளிலும் ஒரே இழுப்பில் ஓடியது. நுனி நடுப்பலகையில், கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்து.

மே மாதம் வெண்டுலா போன் செய்தாள்.

"திட்டறதுக்குப் பண்ணல. எண்பது பேருக்குச் சாப்பாடு சொல்லியாச்சு. எங்க ரெண்டு பேருக்கு உக்கார மேசை இருக்கா இல்லயான்னு மட்டும் சொல்லு."

அன்று சாயங்காலம் நடுப்பலகையை எடுத்து மெஷினில் கொடுத்தேன். ஒரே ஓட்டம். முக்கோணத்தின் நுனி உள்ளே போனது. மறுபக்கம் வெள்ளையாக மரம் வந்தது. அடுத்ததைக் கொடுத்தேன். அடுத்தது. நிறுத்தினால் மறுபடி நாற்காலிதான் என்று தெரிந்ததால் நிறுத்தவில்லை. ஐந்தும் வந்தன. வந்த வரிசையில் சுவரோரம் சாய்த்தேன். தடிமன் சரியாக வேண்டுமென்று மீண்டும் ஒருமுறை, கைக்கு வந்ததை வந்தபடி கொடுத்தேன். மெஷினை அணைத்தேன்.

அணைத்த பிறகுதான் தெரிந்தது.

இழைத்தால் கோடு போகும். அது அவளுக்குப் புதிதல்ல. ஒவ்வொரு முறையும் போகும். அதனால் இழைப்பதற்கு முன்னால் பலகையின் தலைமாட்டில், மெஷின் தொடாத இடத்தில், எண் எழுதிக்கொள்வாள். இழைத்து முடித்ததும் எண்படி அடுக்கி முக்கோணத்தைத் திரும்பப் போடுவாள். ஒரு மேசை முடிவதற்குள் அதே முக்கோணத்தை மூன்று நான்கு முறை போட்டுவிடுவாள். எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். கடைசி முக்கோணத்துக்குப் பிறகு அவள் எண் எழுதவில்லை. அதை மறுநாள் செய்திருப்பாள். நானும் எழுதவில்லை. அவள் கோடு இருக்கும் பலகையில் என் பென்சிலை வைக்கப் பிடிக்கவில்லை. அவ்வளவுதான் காரணம்.

ஐந்து பலகைகளையும் மேடையில் போட்டேன். எந்தப் பக்கம் மேலே என்பது மட்டும் தெரியும். எது எதன் பக்கத்தில், எந்த முனை எந்தத் திசையில் என்பது தெரியாது. மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தேன். எப்படி வைத்தாலும் மேசைபோலத்தான் இருந்தது. எத்தனை விதமாக வைக்கலாம் என்று மனதுக்குள் கணக்குப் போட்டேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபது. விடை சரியா என்று இன்னொரு வழியிலும் போட்டுப் பார்த்தேன். சரிதான்.

நவம்பரில் அவள் அந்த வரிசையைத் தேடிக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் பலகைகளைத் திருப்பினாள். நான் நாற்காலியில் இருந்தேன். "இது எப்படி?" என்று கேட்டாள். "நல்லாருக்கு," என்றேன். கணினியிலிருந்து தலையைத் தூக்கினேனா என்பது நினைவில்லை. வரிசையும் நினைவில்லை.

மறுநாள் அலுவலகத்திலிருந்து வந்தபோது சீவல் பை காலியாக மெஷினில் மாட்டியிருந்தது. ஒத்தகரிடம் ஒரு சாவி உண்டு.

வெண்டுலாவிடம் போனில் சொன்னேன்.

"வரிசை போனா என்ன? எப்படிப் போட்டாலும் மேசைதானே?"

"ஆமா."

"அப்ப ஒட்டு." பிறகு கேட்டாள்: "அப்பாகிட்ட சொல்லிட்டியா?"

"இல்ல."

"நான் சொல்ல மாட்டேன். அது உன் வேலை."

இரண்டு பலகைகளில் நீலக்கறை இருந்தது. முற்றத்தில் அக்கா, தங்கை இருவருக்கும் ஊஞ்சல் கட்டிய கொக்கி மரத்துக்குள்ளேயே புதைந்துபோயிருந்தது. இரும்பு பட்ட இடத்தில் யாசன் நீலமாகும். அந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். கறை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஓடியது. மற்ற மூன்றையும் மரத்தின் ரேகை முட்டிக்கொள்ளாத மாதிரி வைத்தேன். தள்ளி நின்று பார்த்தேன். அவளும் இப்படி வைத்திருக்கலாம். வைக்காமலும் இருந்திருக்கலாம்.

பசை பூசும் நேரத்தில் கை அவசரப்படும், பலகைகள் கலையும். அதனால் பென்சிலை எடுத்து அடிக்கோட்டை இழுத்தேன். பிறகு இரண்டு பக்கங்கள். அவள் அந்த வரிசையில்தான் போடுவாள்.

பசை பூசி, கிளாம்ப் போட்டு இறுக்கினேன். இடுக்குகளில் பசை முத்து முத்தாக வெளியே வந்தது. அப்படி வந்தால் சரி. மறுநாள் காய்ந்த பசையைச் சுரண்டி எடுத்தேன். ரம்பத்தில் இரண்டு முனைகளையும் நறுக்கினேன்.

*

அடுத்த சனிக்கிழமை ஒத்தகர் சாக்கோடு வந்தார். மேல்பலகை மேடையில் இருந்தது. நான் உப்புத்தாளைக் கிழித்துக்கொண்டிருந்தேன்.

அவர் வாசலிலேயே நின்றார்.

"வெச்சிட்டியேடா," என்றார்.

எனக்குப் புரியக் கொஞ்ச நேரமானது. அவர் முக்கோணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கிட்டே வந்தார். தொப்பியைக் கழற்றினார். இந்த முறை தொட்டார். அடிக்கோட்டின் மேல் ஒரு விரலை வைத்து, பலகை பலகையாக நகர்த்திக்கொண்டே போனார். முனை வந்ததும் மறுபடி முதலிலிருந்து.

"எப்படிடா? போயிடும்னியே."

நான் கிழித்த உப்புத்தாளை இரண்டாக மடித்தேன்.

"வெண்டுலாவ நான் சமாளிக்கறேன். எண்ணெய இதுக்கு மேலயே பூசிடு. மேல துணி போட்டுக்கிட்டு சாப்பிடட்டும். எண்ணெய் பூசினா உள்ளயே நிக்கும்தானே? அழியாதுதானே?"

"அழியாது."

அது உண்மை. எண்ணெய் ஊறிவிட்டால் கோடு அந்த மேசை இருக்கும்வரை இருக்கும். அவர் போய்ப் போய்த் தொடுவார். ஞாயிற்றுக்கிழமைகளில் அதன் மேல் கை வைத்துக்கொண்டு சாப்பிடுவார். அதற்கு நான் எதுவும் செய்ய வேண்டியதில்லை, உப்புத்தாளைக் கீழே வைத்தால் போதும்.

"அப்பா," என்றேன். "இது நான் போட்டது."

அவர் விரல் கோட்டின் மேலேயே இருந்தது.

"எது?"

"இந்தக் கோடு. ஒட்டறதுக்கு முன்னாடி நான் போட்டேன். அவ போட்டது இழைச்சதுல போயிடுச்சு."

தொப்பியைத் திரும்பப் போட்டுக்கொண்டார். ஏதோ ஒரு பஸ்ஸை ஓரங்கட்டி நிறுத்துபவரைப்போல நிதானமாக என் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அப்ப அவளோடது எங்க?"

"சீவலோட. பையில."

இருவரும் மெஷினில் தொங்கிய பையைப் பார்த்தோம். காலி.

"நாந்தானே எடுத்துட்டுப் போனேன்," என்றார்.

"ஆமா."

"அத அன்னிக்கே கூண்டுல போட்டுட்டேன்டா."

"சரி."

"என்ன சரி? பழுப்பு பொட்டை அதுலதான் குட்டி போட்டுருக்கு." கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சிந்தினார். வெகுநேரம் சிந்தினார். "ஆறு குட்டி. கண்ணு கூடத் தொறக்கல."

வெளியே பிரோனிஸ்லாவின் மோட்டார் சைக்கிள் ஒருமுறை உறுமி நின்றது. அவர் அதைத் திட்டுவது கேட்டது.

"சரி, கோடுதான் போச்சு," என்றார் ஒத்தகர். "இந்த வரிசையாவது அவ வெச்சதா?"

"தெரியல. நான் நம்பர் எழுதிக்கல. எனக்கு நல்லதாப் பட்டத வெச்சேன்."

"தெரியலன்னா, அவ வெச்சதாவும் இருக்கலாம்ல?"

"இருக்கலாம்."

"எவ்வளவு சான்ஸு? உனக்குத்தான் தெரியுமே, அதத்தானே படிச்சே?"

"ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுல ஒண்ணு."

யோசித்தார். உதடு அசைந்தது.

"வாராவாரம் நான் வாங்கற லாட்டரிய விடப் பரவாயில்ல," என்றார்.

அவர் எழுந்து மேடையின் மறுமுனைக்குப் போனார். பலகை ஆடாமல் இருக்க இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். அது கிளாம்பில் இருந்தது, ஆடாது. நான் சொல்லவில்லை.

உப்புத்தாளைக் கட்டையில் சுற்றித் தேய்க்க ஆரம்பித்தேன். ரேகையின் போக்கில், ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு. முதலில் இரண்டு பக்கக் கோடுகளும் மங்கின. அடிக்கோடு கடைசியாகப் போனது. அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"உன் கோடு கொஞ்சம் கோணல்தான்," என்றார்.

"அவளோடதும் சாஞ்சுதான் இருந்துச்சு."

"அது வேற."

ஈரத்துணியால் துடைத்தேன். ஈரம் பட்டதும் மரத்தின் நார்கள் எழும்பி நின்றன. காய்ந்த பிறகு நைசான தாளால் அவற்றைத் தேய்த்து எடுத்தேன். பிறகு ஆளிவிதை எண்ணெய். யோலானா தன் பழைய பனியன்களைக் கிழித்து ஒரு டப்பாவில் வைத்திருந்தாள். அதில் ஒன்றை எடுத்து எண்ணெயில் தோய்த்துத் தேய்த்தேன். வெள்ளை மரம் தேன் நிறமானது. ரேகைகள் எழுந்தன. ஊஞ்சல் கறை நீலத்திலிருந்து கிட்டத்தட்டக் கருப்பானது.

"இங்கதான் வெண்டுலா விழுந்து பல்ல ஒடச்சிக்கிட்டா," என்றார் ஒத்தகர். "பெரியவ தள்ளிவிட்டா. தள்ளலன்னு சத்தியம் பண்ணா."

"தள்ளினாளா?"

"பின்ன? நான் ஜன்னல்லேருந்து பாத்துட்டுத்தானே இருந்தேன்."

ஊறாமல் நின்ற எண்ணெயைத் துடைத்து எடுத்தேன். துணியைச் சுருட்டிக் குப்பையில் போடக் கூடாது. உள்ளுக்குள்ளேயே சூடாகித் தானாகப் பற்றிக்கொள்ளும். அவள் கராஜுக்கு வெளியே அதற்கென்று ஒரு கம்பி கட்டியிருந்தாள். துணியை விரித்து அதில் தொங்கவிட்டேன். பாதி பனியன். ஒரு கை மட்டும் இருந்தது. காற்றில் கொஞ்சம் அசைந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இன்னொரு கிளிப் தேவைப்பட்டது, போட்டேன்.

ஒத்தகர் காலிச் சாக்கை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வெளியே வந்தார். உப்புத்தாள் தூள் முயலுக்கு ஆகாது, மூக்கில் ஏறிவிடும். அது அவருக்கே தெரியும்.

"அடுத்த வாரம் சீவல் இருக்குமா?" என்றார்.

மேசை முடிந்துவிட்டது, செய்வதற்கு வேறு எதுவும் இல்லை. பரணில் அந்த மரத்தின் பலகைகள் இன்னும் கொஞ்சம் கிடந்தன. அவற்றை என்ன செய்வதென்று அவள் சொன்னதில்லை.

"இருக்கும்," என்றேன்.